முதலில் படிவம், பிறகு குழந்தை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

உங்கள் பயிற்சியின் கடைசி நாளில் வந்து அரை மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். ‘உற்சாகமா ஏதாவது சொல்லுங்க மேடம்’ என்றார் போனில் அழைத்த தம்பி. உற்சாகமாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. கோபமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. நேரில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், பாதியில் யாராவது டீ கொண்டுவந்து வைத்துப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

இருபத்தொன்பது வருஷம் நான் செய்த வேலையைத்தான் நாளை முதல் நீங்கள் செய்யப்போகிறீர்கள். நீலப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அளக்கும் வேலை. பைக்குள் மரக்கட்டைகள், மணிகள், பட அட்டைகள், முனை மழுங்கிய ஒரு கத்தரிக்கோல். கூடவே குடும்ப வசதிப் படிவம். வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டா, வாஷிங் மெஷின் உண்டா என்று அதில் இருபத்திரண்டு பொருள்கள். குழந்தையின் மதிப்பெண் ஒரு பக்கம், வீட்டின் வசதி ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, வசதிக்கும் மூளை வளர்ச்சிக்கும் என்ன உறவு என்று தரமணியில் நம் ஆராய்ச்சி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள்.

உறவு இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆற்றோரத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் குழந்தைக்குச் சரியான தூக்கம் கிடையாது. அம்மா விடிவதற்குள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, நாலு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும்போது அவருக்குப் பேசத் தெம்பு இருக்காது. மழைக்காலத்தில் ஆறு வீட்டுக்குள் வரும். இதெல்லாம் ஒரு சின்ன மண்டைக்குள் என்ன செய்கிறது என்று அளந்து சொல்ல வேண்டியதுதான். எல்லாக் குழந்தையும் ஒன்றுதான் என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். வறுமை குழந்தையிடமிருந்து நிறைய எடுத்துக்கொள்கிறது. என் கோபம், அதற்கு மேல் நாம் எடுத்துக்கொண்டதைப் பற்றி.

நம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள் போனதும் நேரே குழந்தையிடம் போகமாட்டோம். புது முகம், புதுப் பை, குழந்தை மிரளும். அதனால் முதலில் அம்மாவை உட்காரவைத்து வசதிப் படிவத்தை நிரப்புவோம். அந்தப் பத்து நிமிஷத்தில் குழந்தை நம்மைப் பார்த்துப் பழகிவிடும் என்பது நம் கணக்கு. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த சீனியர் அம்மாள் தங்கமானவர், குழந்தைகள் மேல் இருந்த கரிசனத்தில்தான் சொன்னார். நானும் அதே கரிசனத்தோடு எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கரிசனத்தோடு செய்கிற தப்பை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு மே மாதம். அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் அன்றைக்கு ஐந்து வீடு முடிக்க வேண்டும். மூன்றாவது வீடு அமுலுவுடையது. அமுலு ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டு வேலை செய்பவர். மகள் ரோஷிணிக்கு நாலரை வயது. தகரக் கூரை தகித்துக்கொண்டிருந்தது, வெளியே நான் நிறுத்தி வைத்திருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ரோஷிணி அம்மா மடியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படிவத்தைத் திறந்தேன்.

‘ஃபிரிட்ஜ் இருக்கா?’

‘இல்ல மேடம்.’

‘வாஷிங் மெஷின்?’

‘இல்ல.’

‘கட்டில், மெத்தை?’

‘இல்ல மேடம், பாய்தான்.’

இப்படியே இருபத்திரண்டு. டிவி, மிக்ஸி, கேஸ் அடுப்பு, செல்போன் நாலுக்கு மட்டும் ‘கீது’ என்றார். மற்றதெல்லாம் ‘இல்ல’. முதல் ‘இல்ல’ சாதாரணமாக வந்தது. பத்தாவதில் குரல் இறங்கிவிட்டது. கார் இருக்கா என்று கேட்டபோது அமுலு பதில் சொல்லாமல் சிரித்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘இல்லை’ கட்டத்தில் குறித்துக்கொண்டேன். ஒரு தாயை அவர் குழந்தையோடு உட்காரவைத்து, எங்களிடம் இது இல்லை, அது இல்லை என்று பத்து நிமிஷம் அவர் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறேன். இது முடிந்ததும் பையைத் திறந்து, குழந்தை பக்கம் திரும்பி, பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

ரோஷிணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டையை அடுக்கச் சொன்னேன். ‘இல்ல’ என்றாள். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ‘இல்ல’ என்றாள். நான் சொல்லும் நாலு வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினாள். காகிதத்தில் போட்டிருக்கும் கோட்டின் மேலேயே வெட்ட வேண்டும், அவள் கத்தரிக்கோலைத் தொடவே இல்லை. விதிப்படி ஒரு முறைதான் திரும்பக் கேட்கலாம். கேட்டேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன்.

‘வூட்ல நல்லா பேசும் மேடம். ஓயாம பேசிக்கினே கெடக்கும்’ என்றார் அமுலு.

இதைச் சொல்லாத அம்மாவை நான் பார்த்ததில்லை. எல்லாரும் சொல்வதுதானே என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து வழக்கம்போல ஒரு பக்க அறிக்கை, ஆங்கிலத்தில், முத்திரையோடு அமுலுவின் கைக்குப் போனது. குழந்தையின் அறிவு வளர்ச்சி வயதுக்கு மிகவும் பின்தங்கியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

இரண்டரை வாரம் கழித்து நான் போன இன்னொரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, நாலாவது மாடி. பையன் பெயர் ஆதவ், அவனுக்கும் நாலரை வயது. முதல் தடவை போனபோது அவன் அம்மா படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, ‘இத நானே ஃபில் பண்ணி வெக்கறேன் மேம், நீங்க அவன பாருங்க’ என்று டைனிங் டேபிள் மேல் வைத்துவிட்டார். நானும் சரி என்றேன். அந்த வீட்டில் போய் ஃபிரிட்ஜ் இருக்கா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆள் உயரத்துக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஆதவ் கட்டைகளை எடுத்து சோபாவுக்கு அடியில் எறிந்தான். இரண்டு கேள்விக்கு நாக்கைத் துருத்தினான்.

‘நேத்து நைட் சரியாவே தூங்கல மேம். இவன் நார்மலா இப்படி இல்ல. இன்னொரு நாள் வர முடியுமா?’ என்றார் அம்மா.

‘அதுக்கென்ன, தாராளமா’ என்று சொல்லிப் பையை மூடினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காபி நன்றாக இருந்தது.

நான்கு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி போனேன். ஆதவ் எல்லாவற்றையும் அழகாகச் செய்தான். கெட்டிக்காரப் பையன், அவன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஹாலில் உட்கார்ந்து, அவன் அம்மா நிரப்பிக்கொடுத்த படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் பால்கனியிலிருந்து ஒரு குரல் கேட்டது. ‘ஃபிரிட்ஜ் இருக்கா?’ என்றது. குழந்தைக் குரல்தான். ஆனால் அந்த இழுப்பு என்னுடையது.

எழுந்து போய்ப் பார்த்தேன். ரோஷிணி தரையில் குந்தியிருந்தாள். அமுலு வேலை செய்யும் வீடுகளில் இதுவும் ஒன்று என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முன்னால் இரண்டு துணிக் கிளிப்புகளை நிறுத்தி வைத்திருந்தாள். மஞ்சள் கிளிப் அம்மா, சின்னச் சிவப்புக் கிளிப் பாப்பா. கேள்வி கேட்கும் மேடம் இவள்.

‘வாஷிங் மெஷின்?’

‘இல்ல.’

‘கட்டில், மெத்தை?’

‘இல்ல மேடம், பாய்தான்.’

என் கையில் படிவம் இருந்தது. பேனா முனையை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்தேன். ஒரு வரி விடவில்லை, ஒன்றுகூட முன்பின்னாக மாறவில்லை. டிவிக்கும் மிக்ஸிக்கும் கேஸ் அடுப்புக்கும் செல்போனுக்கும் ‘கீது’ அதனதன் இடத்தில் வந்தது. கார் வந்தபோது மஞ்சள் கிளிப் பதில் சொல்லாமல் சிரித்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் ஒரே ஒரு தடவை கேட்டது இது. நாலு வார்த்தையைத் திருப்பிச் சொல்ல முடியாதவள் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த குழந்தை.

இருபத்திரண்டும் முடிந்ததும் சிவப்புக் கிளிப் பக்கம் திரும்பி, என்னைப் போலவே பல்லைக் காட்டி, ‘பாப்பா, இந்தக் கட்டய அடுக்கு பாக்கலாம்’ என்றாள். சிவப்புக் கிளிப் ‘இல்ல’ என்றது.

‘அது ஏன் இல்லன்னு சொல்லுது?’ என்று கேட்டேன்.

திடுக்கிட்டு எழுந்தவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன், வேறொன்றும் கேட்கவில்லை. சிவப்புக் கிளிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

‘மேடம் வந்தா பாப்பா வூட்ல இல்லன்னுதான் சொல்லணும்.’

இதற்குள் அமுலு வாளியோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்து ‘மேடம், நீங்களா’ என்றவர், உடனே மகளிடம், ‘இன்னாத்த தொட்ட? தொடாதன்னு எத்தினி தபா சொல்றது’ என்றார். கையை ஏன் இப்படிக் கட்டிக்கொள்கிறாள் என்று கேட்டேன்.

‘நாந்தான் பழக்கி வெச்சிக்கீறேன் மேடம். இட்டுக்கினு வர்ற வூட்ல எதுனா ஒடஞ்சிட்டா என் வேல பூடும். அதான், யார் எத்த நீட்னாலும் கைய பின்னால கட்டிக்கோன்னு சொல்லிக்கீறேன். ஒரு தபாதான் சொன்னேன். புடிச்சிக்கிச்சி.’

ஒரு தடவை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எங்கே போனாலும் தவறாமல் கடைப்பிடிக்கிற நாலரை வயதுக் குழந்தை. நான் அதற்குப் போட்ட மதிப்பெண் பூஜ்யம்.

அமுலு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கம்பியில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் அறிக்கை. அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வைத்திருந்தார். மந்தைவெளியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் பள்ளியில் ரோஷிணிக்கு எல்.கே.ஜி. இடம் கிடைப்பதாக இருந்ததாம். குழந்தை பேரில் என்னென்ன காகிதம் உண்டோ எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். முத்திரை வைத்த ஆங்கிலக் காகிதம், நல்லதாகத்தான் இருக்கும் என்று இதையும் கொண்டுபோயிருக்கிறார்.

‘இத்த பாத்துட்டுதான் சீட்டு இல்லன்ட்டாங்க மேடம். இந்தமாரி புள்ளைங்களுக்கு தனி ஸ்கூல் கீதாம், அங்க போவ சொன்னாங்க. வேற பேப்பர் எதுனா கொண்டாந்தா வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பாங்களாம். அப்பால சீட்ட வேற யாருக்கோ குட்த்துடுவாங்க.’ குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். ‘பாப்பாக்கு மூள கம்மியா மேடம்?’

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. இல்லை, தப்பு என்னுடையது என்றேன். அமுலு என்னை நம்பியதாகத் தெரியவில்லை. காகிதத்தில் முத்திரை இருந்தது, என் வாயில் முத்திரை எதுவும் இல்லை.

‘முன்னெல்லாம் பாலத்து மேல நடந்து வரும்போது ஆத்துல கொக்கு எத்தினின்னு எண்ண சொல்லுவேன், பஸ்ஸு நம்பர் இன்னான்னு கேப்பேன். இந்த பேப்பர் வந்தப்பறம் உட்டுட்டேன் மேடம். தெரியாத புள்ளய போயி இன்னாத்துக்கு கேட்டுக்கினு, பாவம்.’

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வசதி இல்லாத வீட்டில் குழந்தையோடு பேச ஆள் இல்லை, அதனால் வளர்ச்சி குறைகிறது என்று நம் அறிக்கைகள் எழுதுகின்றன. காலையில் பாலத்தின் மேல் நடக்கும் கால் மணி நேரத்தில் குழந்தையோடு பேச ஒரு ஆள் இருந்தார். காசு செலவில்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவராகவே எண்ணிக்கை கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை நிறுத்தியது நம் முத்திரை. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதில் பெரும் பங்கு என் மேல்தான்.

மறுநாள் புதன்கிழமை காலை திட்டத் தலைவரின் அறைக்குப் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதையானவர். ரோஷிணியின் மதிப்பெண்ணை ரத்து செய்து மறுபடி தேர்வு வைக்க வேண்டும் என்றேன்.

‘மேடம், முடிச்சு கையெழுத்து போட்ட டெஸ்ட்ட ஆறு மாசத்துக்குள்ள திரும்ப வெக்க முடியாது. ரூல் உங்களுக்குத் தெரியாததா?’

‘ஆதவுக்கு ரெண்டாவது தடவ போனேனே?’

‘அது முடிக்கல. நீங்க பாதியில நிறுத்துனீங்க. பேரன்ட் கேட்டாங்க, நிறுத்துனீங்க. அதுக்கு ரூல் அனுமதிக்குது.’

அவர் சொன்னது சரி. விதி இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். நிறுத்துவதா, முடித்துக் கையெழுத்துப் போடுவதா என்பதை விதி தீர்மானிக்கவில்லை, நான் தீர்மானித்தேன். ‘இவன் நார்மலா இப்படி இல்ல’ என்று ஒரு அம்மா சொன்னார். அது எனக்குக் கோரிக்கையாகக் கேட்டது. ‘வூட்ல நல்லா பேசும் மேடம்’ என்று இன்னொரு அம்மா சொன்னார். அது சாக்காகக் கேட்டது. இரண்டு பேரும் சொன்னது ஒரே விஷயம். ஒருவருக்கு இன்னொரு நாள் வாருங்கள் என்று கேட்கும் தைரியம் இருந்தது, இன்னொருவருக்கு மேடத்திடம் அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவைச் செய்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களையும் வராதவர்களையும் எண்ணி ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம்.

‘ஒரு குழந்தையால ரிசல்ட் மாறாது மேடம். எமோஷனல் ஆகாதீங்க’ என்றார்.

‘ரிசல்ட் மாறாது சார். அந்தக் குழந்தை எந்த ஸ்கூல்ல படிக்கும்ங்கறது மாறும்.’

பள்ளிக்கு ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று கேட்டேன். அலுவலகத் தாளில் அப்படிக் கொடுத்தால் மற்ற அறிக்கைகளையும் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள் என்றார். கேட்கட்டுமே என்றேன். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். இன்னும் மூன்று வருஷ வேலை பாக்கி. இருபத்தாறு வருஷத்தில் என் பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. இப்படிப்பட்ட நேரத்தில் மனசு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. அந்தத் தனிப்பள்ளியும் நல்ல பள்ளிதானே, ஒரு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாமே, எத்தனையோ குழந்தைகளில் ஒன்றுதானே என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கும். சாயங்காலம் ஒரு அலுவலகத் தாளை எடுத்து, யாரையும் கேட்காமல், என் பெயரையும் பதவியையும் போட்டு எழுதினேன். நான் தேர்வு வைத்த முறை தவறு, குழந்தை பதில் சொல்லும் நிலையில் இல்லாதபோது நான் நிறுத்தியிருக்க வேண்டும், அந்த அறிக்கையை யாரும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

இதற்காக எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. அதை நானும் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அமுலுவையும் ரோஷிணியையும் பள்ளி வாசலில் சந்தித்து உள்ளே கூட்டிப்போனேன். தலைமை ஆசிரியை கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

‘நீங்களே குடுக்கறீங்க, நீங்களே தப்புங்கறீங்க. நான் எத நம்பறது?’ என்றார். நியாயமான கேள்வி. பிறகு ரோஷிணியிடம் குனிந்து, ‘உன் பேர் என்னம்மா?’ என்றார்.

ரோஷிணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

‘வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?’

கட்டிய கை அவிழவில்லை. அறையில் மேஜை, பீரோ, கம்ப்யூட்டர், தொடக் கூடாத பொருள்கள். எதிரில் ஒரு மேடம், கையில் காகிதம். மூன்று வாரத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு என் கண்ணெதிரில் மறுபடி நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு கேள்வி போனால் முடிந்துவிடும். நாலரை வயதில் ஒரு குழந்தை தன் இடத்துக்காக இப்படி வாயைத் திறந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அதைப் பேச அது நேரமில்லை.

நான் குழந்தையிடம் போகவில்லை. அமுலுவிடம் திரும்பி, ‘பாலத்துல கொக்கு எண்ணுவீங்களே, இன்னிக்கு எத்தனைன்னு கேளுங்க’ என்றேன்.

அமுலு தயங்கினார். தெரியாது என்று குழந்தை சொல்லிவிட்டால் இந்த அறையிலேயே எல்லாம் முடிந்தது என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் அதே பயம்தான். பிறகு மெதுவாகக் கேட்டார்.

‘பாப்பா, இன்னிக்கு எத்தினி கொக்குடா?’

ரோஷிணி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

‘நீதான் கேக்கவே மாட்டேன்றியே’ என்றாள். கொஞ்சம் நிறுத்தி, ‘ஒம்போது. நேத்து ஏழு. இன்னிக்கு ஒண்ணு நொண்டிக்கினே போச்சு’ என்றாள்.

அம்மா கேட்பதை நிறுத்திய பிறகும் மூன்று வாரமாக அவள் தினமும் தனியாக எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். அமுலு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். எந்தக் கால் நொண்டியது என்று தலைமை ஆசிரியை கேட்டார். அதன் பிறகு ரோஷிணியை நிறுத்த முடியவில்லை. வீட்டில் ஓயாமல் பேசும் என்று அமுலு என்னிடம் சொல்லியிருந்தாரே, அது இதுதான். பதிவேட்டில் பெயர் ஏறியது.

திட்டத்தின் முடிவுகள் அடுத்த வருஷம் வெளியாயின. வசதி கூடக் கூட மதிப்பெண் கூடுவதைக் காட்டும் அந்தப் புள்ளி வரைபடத்தை உங்களுக்கு முதல் நாள் பயிற்சியிலேயே காட்டியிருப்பார்கள். இடது பக்கம் கீழ் மூலையில், தரையோடு தரையாக ஒரு புள்ளி இருக்கும். அது ரோஷிணி. வலது பக்கம் உயரத்தில் இருப்பவற்றில் ஒன்று ஆதவ், இரண்டாவது வாய்ப்பில் வாங்கியது. இடது பக்கத்தில் இருக்கும் மற்ற புள்ளிகளில் எத்தனை உண்மையில் பசியாலும் தூக்கமின்மையாலும் கீழே இறங்கின, எத்தனை நம் கையெழுத்தால் இறங்கின என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாது என்பதை அந்த அறிக்கையில் ஒரு வரி எழுதச் சொன்னேன், இடமில்லை என்றார்கள்.

நாளைக்கு நீங்கள் போகும்போது படிவத்தைக் கடைசியில் எடுங்கள். குழந்தை விளையாடப் போன பிறகு, அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். தேர்வுக்கு முன்னால் அம்மாவிடம் ஒரு கேள்வி மட்டும் போதும். ‘இவ என்ன பண்ணா உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும்?’ அம்மா அதைச் சொல்வதைக் குழந்தை கேட்கட்டும். ‘வீட்ல நல்லா பேசும்’ என்று யாராவது சொன்னால், இன்னொரு நாள் வாருங்கள் என்று உங்களைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பையை மூடுங்கள். ஐந்து வீடு நாலாகும். ஆகட்டும்.

அன்றைக்குப் பள்ளியை விட்டு வெளியே வந்ததும், வாசலில் பூவரச மர நிழலில் நின்று அமுலு அந்த லேமினேட் செய்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

‘இத்த இன்னா பண்றது மேடம்?’

கிழித்துப் போடலாம் என்று வாங்கினேன். கிழியவில்லை. இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன், வளைந்து நிமிர்ந்ததே தவிர ஒரு கீறல் விழவில்லை. நீலப் பையைத் திறந்து முனை மழுங்கிய கத்தரிக்கோலை எடுத்தேன்.

‘நான் வெட்டட்டா?’ என்றாள் ரோஷிணி. கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

அமுலுவின் வாயில் ‘தொடாத’ என்ற வார்த்தை பாதி வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டு, ‘மேடம் குடுக்கறாங்கல்ல, வாங்கு’ என்றார்.

ரோஷிணி மரத்தடியில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள். அறிக்கையில் மதிப்பெண்களுக்குக் கட்டம் போட்டிருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டை விட்டு விலகாமல் வெட்டினாள். நான் பூஜ்யம் போட்டிருந்த தேர்வுகளில் அதுவும் ஒன்று. என் கையெழுத்து ஒரு துண்டில், முத்திரை இன்னொரு துண்டில் விழுந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

‘இன்னும் கீதா?’ என்று கேட்டாள்.

இருக்கிறது. நம் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரம் இருக்கும் நாலு இரும்பு பீரோக்கள் நிறைய இதுபோன்ற அறிக்கைகள் இருக்கின்றன. சாவி இப்போது உங்களிடம்.